இடது பூட்ஸ் எனக்கு, வலது பூட்ஸ் அவருக்கு

ஒரே வீட்டில் தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் இரண்டு பேர் இருக்கக் கூடாது. என் கணவர் ஓசூரில் அலுமினிய வார்ப்புகள் செய்யும் தொழிற்சாலையில் கசிவுச் சோதனைப் பிரிவின் சூப்பர்வைசர். நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். அவர் பார்க்கும் பொருள் ஒன்று தேறும், இல்லையென்றால் குப்பைத் தொட்டிக்குப் போகும். நான் பார்க்கும் பொருளில் இனிப்பு கொஞ்சம் கூடும், புளிப்பு கொஞ்சம் குறையும். எதோடு எதைக் கலந்தால் சரியாக வரும் என்று யோசிப்பதுதான் என் வேலை. வீட்டில் மாவு புளித்துவிட்டதா என்ற கேள்விக்கே நாங்கள் இருவரும் ஒரே பதிலைச் சொன்னதில்லை. இந்த நிலையில்தான் ஒரு ஜோடி தோல் பூட்ஸ் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

நாற்பத்தெட்டு வயதில் பனிமலை ஏறப்போகிறேன் என்றதும் காரணம் கேட்காதவர்கள் இல்லை. கோயிலில் பங்குச் சாமியார்கூட, ஏதாவது நேர்த்திக்கடனா என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை. மாம்பழப் பருவம் முழுவதும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் நிற்கிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு ஜன்னல் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் பருவம் முடிந்ததும், எங்காவது உயரமாக, ஈரமில்லாத இடமாகப் போய் நிற்க வேண்டும் போலிருக்கும். பனி என்பது ஈரம்தான் என்பதை நான் அந்தச் சமயத்தில் யோசிக்கவில்லை.

சூளகிரியில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் இருக்கிறார். மலைப் பிரிவில் பணிபுரிந்தவர். இப்போது குடைமிளகாய் பயிரிடுகிறார். வருஷத்துக்கு ஒருமுறை, அக்டோபரில், இந்தப் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பேரை இமயமலைக்குக் கூட்டிப்போய்ப் பனிமீது நடக்க வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் சூளகிரி மலையில் பயிற்சி. நான் சனிக்கிழமை மாலைப் பூசையிலேயே என் கடமையை முடித்துக்கொண்டு, ஞாயிறு முதல் பேருந்தில் அங்கே போய் இறங்கிவிடுவேன்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. மலை உச்சிக்குப் போனதும் எல்லோரும் பாறைமேல் வரிசையாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற வேண்டும். அவர் ஒவ்வொருவரிடமும் வந்து, காலிலிருக்கும் சாக்ஸை விரல்களால் அழுத்திப் பார்ப்பார். காய்கறி வாங்குகிறவர் கத்திரிக்காயை அழுத்திப் பார்ப்பது போல இருக்கும். ஈரமாக இருந்தால் அவர் கணக்கில் அந்த ஆள் பனி தொடங்கும் கோட்டுக்கு மேலே வரத் தகுதியில்லாதவர்.

“பனில ஈரக் கால்னா விரல் போயிரும்மா,” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவருடைய தமிழ் கொஞ்சம் பாட்டு மாதிரி வரும். “கால் காஞ்சிருக்கிறவங்க மேல வருவாங்க. ஈரமா இருக்கிறவங்க கீழ் முகாம்ல உக்காந்து எங்களுக்கு உருளைக்கிழங்கு உரிப்பாங்க. அதுவும் நல்ல வேலைதான்.”

உருளைக்கிழங்கு உரிக்க நான் இமயமலை வரைக்கும் போக வேண்டியதில்லை.

சிக்கல் என் காலில் இருந்தது. குட்டையான, அகலமான கால். கட்டைவிரல் மூட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். வாடகைக்குக் கிடைக்கும் மலையேற்றக் காலணிகள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் என்னைக் கடை கடையாக அழைத்துப் போனாள். கடைசியில், பழைய மலையேற்றச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில், தடித்த பழுப்புத் தோலில் ஒரு ஜோடி கிடைத்தது. என்னைப் போலவே மூட்டு துருத்திய யாரோ ஒருவர் அதை ஏற்கெனவே நடந்து பழக்கியிருந்தார். போட்டு நின்றதும் எனக்குக் கழற்ற மனம் வரவில்லை. அந்த ஜோடியை விட்டால் எனக்கு வேறு பூட்ஸ் கிடையாது. அது சரிப்படாவிட்டால் பயணமும் கிடையாது. கடையை விட்டு வெளியே வரும்போதே இது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

என் கணவர் நான் போவதைப் பற்றி அதுவரை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பூட்ஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அடியைத் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“இது தண்ணி தாங்குமா?”

முதல் பயிற்சி அன்று நல்ல மழை. உச்சியில் ராணுவக்காரர் என் சாக்ஸை அழுத்தியதும் தண்ணீர் அவர் மணிக்கட்டு வரை வழிந்தது. “ஏம்மா, வர்ற வழியில தவளை புடிச்சீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கையிலிருந்த காகிதத்தில் என் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்ததைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் கணவரின் முகத்தில் ஒரு மலர்ச்சி. என் மேல் பரிவு இல்லாமல் இல்லை. ஆனால் குறை என்னவென்று தெரிந்துவிட்டால் அவருக்கு வரும் மகிழ்ச்சியே தனி.

“கசிவு,” என்றார். “எங்கன்னு கண்டுபுடிச்சிரலாம்.”

அவருடைய தொழிற்சாலையில் ஒரு வார்ப்பின் எல்லா ஓட்டைகளையும் ரப்பரால் அடைத்து, உள்ளே காற்றைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்துவார்கள். எங்காவது ஒரு குமிழி எழுந்தால் அந்த வார்ப்பு கழிவுக்குப் போகும். இருபது வருஷத்துக்கு மேலாகக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். அவர் வேறு என்ன செய்வார்? மொட்டை மாடியில் நீல நிற பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் நிரப்பினார். லாரி டியூபை வெட்டி பூட்ஸின் வாய்க்கு ஒரு மூடி செய்து இறுக்கிக் கட்டினார். வண்டிக்குக் காற்றடிக்கும் கால் பம்பை அதில் மாட்டினார். என்னை மிதிக்கச் சொன்னார், நான் மிதித்தேன். அவர் பூட்ஸைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார்.

தையல் ஓடிய இடமெல்லாம் குமிழிகள். கயிறு கோக்கும் கொக்கிகளின் அடியில் குமிழிகள். நாக்குப் பகுதியிலிருந்து சோடா பாட்டில் போல வந்தது.

“பாத்தியா?” என்றார். எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டும் டாக்டர் போல அவ்வளவு நிறைவு.

அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த மகள் படியேறி வந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். “அம்மா, அப்பா பூட்ஸுக்கு ஞானஸ்நானம் குடுக்கிறாரா? பேர் என்னா வெக்கப் போறீங்க?”

“சிரி, சிரி,” என்றார் அவர், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்கம்மாக்கு விரல் போச்சுன்னா நீதான் கால் புடிச்சு விடணும்.”

“ஏங்க, தோல் அலுமினியம் இல்லீங்க,” என்றேன் நான்.

“அது தண்ணிக்குத் தெரியுமா?”

 அந்தச் சுற்றில் அவர் ஜெயித்தார்.

கடைக்காரர் பூட்ஸோடு ஒரு சின்ன டப்பாவில் தோலுக்குப் பூசும் மெழுகு கொடுத்திருந்தார். அதை என் கணவர் ஒரே உட்காரலில் தீர்த்தார். தண்ணீரில் அமிழ்த்தினார், குமிழிகள் குறைந்திருந்தன, நிற்கவில்லை. தேன் விற்கும் ஆட்களிடம் சொல்லி வைத்துத் தேன்மெழுகு ஒரு கட்டி வாங்கி வந்தார். நான் பால் காய்ச்சும் பாத்திரத்தில் அதைத் தேங்காய் எண்ணெயோடு உருக்கி, சூடாகவே பூட்ஸ்மேல் ஊற்றித் தேய்த்தார். தோல் குடித்தது. மறுபடி ஊற்றினார். மறுபடி குடித்தது. கடைசியில் குடிக்க மறுத்து மினுமினுவென்று நின்றது. வேலையிலிருந்து வந்த ஒவ்வொரு மாலையும் முகம் கழுவுவதற்கு முன் மொட்டை மாடிக்குத்தான் போவார். தேங்காய் எண்ணெய் வாசனைக்கு எறும்புகள் சாரைசாரையாக வந்தன. பூட்ஸின் நான்கு பக்கமும் மஞ்சள் தூளால் கோடு போட்டுக் காவல் வைத்தார். என் வாழ்க்கையில் எனக்கே இவ்வளவு பாதுகாப்பு கிடைத்ததில்லை.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். பம்பை மிதிக்கச் சொன்னார். பூட்ஸ் தண்ணீருக்குள் கருங்கல் போல அசையாமல் இருந்தது.

“ஒரு குமிழி வருதா சொல்லு. ஒண்ணே ஒண்ணு.”

வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணப் படத்தில்கூட அவர் அவ்வளவு பெருமையாக நிற்கவில்லை.

அடுத்த பயிற்சி அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பாறை சுட்டது. உச்சியில் ராணுவக்காரர் வரிசையாக அழுத்திக்கொண்டே வந்தார். என் காலருகே வந்ததும் நின்றார். மறுபடி அழுத்தினார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, உங்களுக்கு மட்டும் எங்கிருந்து மழை பேஞ்சுது?”

இன்னொரு புள்ளி. அவர் குரலில் கிண்டல் இருந்தாலும் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: “அடுத்த வாரம் பேர்ப் பட்டியல் குடுத்துருவேன். அதுக்குள்ள பாத்துக்கோங்க.”

பேருந்தில் திரும்பும்போது பூட்ஸை மடியில் வைத்து ஆராய்ந்தேன். வெளித்தோல் உலர்ந்திருந்தது. தூசிகூட ஒட்டவில்லை. கையை உள்ளே விட்டால் உள்துணி பிழிகிற அளவுக்கு ஈரம். வெளியே இல்லாத தண்ணீர் உள்ளே எப்படி வரும்? ரப்பர் பூட்ஸில் நாளெல்லாம் நின்று பழகியவளுக்கு இதற்கு விடை தெரியாமல் போகுமா? மாலையில் ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்தால் எங்கள் எல்லோருடையதிலிருந்தும் சொட்டும். இந்த ஈரமும் என் வியர்வைதான். தோலின் ஓட்டைகளையெல்லாம் என் கணவர் அன்போடு அடைத்துவிட்டார். உள்ளே இருக்கிற ஆவி வெளியே போக வழியில்லை. வெளியே போக வழி தெரியாத தண்ணீர் வேறு என்ன செய்யும்? அங்கேயே தங்கிவிட்டது.

வீட்டில் இதைச் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

“காலைல பனி இருந்திருக்கும். புல்லு மேல.”

“பாறைல ஏதுங்க புல்லு?”

“வெடிப்புல இருக்கும். நீ கவனிச்சிருக்க மாட்ட.”

“இது வேர்வைங்க.”

“உனக்குக் கால் வேர்க்காது. கல்யாணமான நாள்லருந்து பாக்கிறன்.”

“கல்யாணமான நாள்லருந்து என் காலை எப்பங்க பாத்தீங்க?”

மறுபடி வந்திருந்த மகள் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள். அவள் சிரிக்கப் போனாளா, சண்டைக்குப் பயந்து போனாளா தெரியவில்லை. என் கணவர் இன்னொரு பூச்சு போட்டால் சரியாகிவிடும் என்றார். மிச்சமிருந்த தேன்மெழுகை ஏற்கெனவே பாத்திரத்தில் போட்டு வைத்திருந்தார்.

நான் யோசித்தேன். வாதத்தில் இவரை ஜெயிக்க முடியாது. இவர் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புகிறவர். எங்கள் ஆய்வகத்தில் ஒரு புதிய முறை சரியா என்று பார்க்க வேண்டுமென்றால், ஒரு பாதியைப் பழையபடி வைத்துக்கொண்டு மறு பாதியில் மட்டும் மாற்றிப் பார்ப்போம். பூட்ஸ் இரண்டாகத்தானே இருக்கிறது?

“வலது உங்களுக்கு,” என்றேன். “என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க. இடது எனக்கு. அதை நீங்க தொடக் கூடாது. அடுத்த ஞாயிறு ரெண்டும் ஒரே மலை, ஒரே சாக்ஸ். பாத்துரலாம்.”

அவர் உடனே ஒத்துக்கொண்டார். ஜெயிக்கப் போகிறவர் ஒத்துக்கொள்ளும் வேகம் அது. கையை நீட்டினார். குலுக்கினோம். திருமணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் கைகுலுக்கியது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

என் வேலை எளிதாக இல்லை. பூசிய மெழுகை எடுப்பது பூசுவதைவிடக் கடினம். கயிற்றையும் பாதத்துக்கு அடியில் வரும் உள்ளட்டையையும் எடுத்தேன். மகள் விட்டுப்போன ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்துத் தோலுக்குக் காட்டினால் உள்ளேயிருந்து மெழுகு வியர்வை போல மேலே வரும். அதை உடனே பழைய பனியனால் ஒற்றி எடுக்க வேண்டும். சூடு கூடினால் தோல் வெடிக்கும், அடிப்பகுதியின் ஒட்டு விட்டுவிடும். அதனால் ஒரே இடத்தில் காட்டக் கூடாது. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. பனியன் மெழுகுத் துணியாகிவிட்டது. (“அது என் பனியன்,” என்றார் வலது பூட்ஸ்காரர். “ஓட்டை இருந்துச்சு,” என்றேன்.) தையல்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். தோல் கழுவும் சோப்பைத் துணியில் எடுத்து மென்மையாகத் துடைத்தேன். உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் வைத்தேன். தாள் ஈரமானதும் மாற்றினேன். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று யாருக்கும் தோன்றும். காயும்; கூடவே விறைத்துப் பலகையாகிவிடும்.

காய்ந்த பிறகு தோலைத் தொட்டுப் பார்த்தேன். மறுபடியும் தோலாக இருந்தது. மகள் பெங்களூரிலிருந்து கொரியரில் அனுப்பிய புது டப்பாவிலிருந்து, விரல் நுனியில் ஒட்டுகிற அளவு மெழுகு எடுத்து, விரல் சூட்டிலேயே இளக்கி மெல்லிசாகத் தடவினேன். தையல்களில் மட்டும் இன்னொரு தடவை. கொஞ்ச நேரம் விட்டு, மேலே நின்றதைத் துணியால் துடைத்து எடுத்துவிட்டேன்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அவ்ளோதானா? கண்ணுக்கு மை வெக்கிற மாதிரி இருக்கு.”

“அவ்ளோதான்.”

“பீப்பாய்ல ஒரு தடவ விட்டுப் பாக்கலாமா?”

“கூடாது.”

“குமிழி வரும்னு உனக்கே தெரியும். அதான் விட மாட்டேங்கிற.”

“வரட்டும். குமிழி வந்தா காத்து போகுதுன்னு அர்த்தம். காத்து போனா வேர்வையும் போகும்.”

அவர் செய்தித்தாளை மடித்தார். எழுந்து போய்த் தன்னுடைய வலது பூட்ஸுக்கு இன்னொரு பூச்சு போட்டார்.

சனிக்கிழமை காலை இட்லி வைக்கும்போது கேட்டார்:

“உன் இடது கால் நனைஞ்சா என்ன பண்ணுவ?”

“போகல.”

“என் வலது நனைஞ்சா?”

“அப்பவும் போகல. ஒத்தக் காலோட எங்க போறது?”

அவர் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு, சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். “அப்ப ரெண்டும் நனையக் கூடாது,” என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் போகக் கூடாது என்று நினைத்திருந்தால் இவர் செய்ய வேண்டியது மிகச் சுலபமானது. பூட்ஸைத் தொடாமல் இருந்திருக்கலாம். முதல் மழையோடு என் பயணம் முடிந்திருக்கும். இவர் மேல் ஒரு பழியும் வந்திருக்காது. அதை விட்டுவிட்டு, எறும்புக்குக் காவல் வைத்துக்கொண்டு, மாலை மாலை மொட்டை மாடியில் குனிந்து நின்றிருக்கிறார். சரி என்று சொல்ல வராத மனிதர் அதைத் தேன்மெழுகில் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னவிதம் தவறு, சொன்ன விஷயம் தவறில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இடது பூட்ஸையும் கேட்பார்.

ஞாயிறு மழை ஏமாற்றவில்லை. ஏறத் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே பிடித்துக்கொண்டது. அத்தோடு எனக்கு வேறொன்றும் புரிந்தது. அளவுக்கு மேல் எண்ணெய் குடித்த வலது பூட்ஸ் பழைய துணிப்பை போலத் தொளதொளத்துவிட்டது. கணுக்காலைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கவில்லை. குதிகால் உள்ளே வழுக்கியது. பாதி மலையில் அந்த இடம் எரியத் தொடங்கியது.

உச்சியில் உட்கார்ந்தோம். ராணுவக்காரர் வந்து முதலில் என் இடது சாக்ஸை அழுத்தினார். விரல் நுனிப் பக்கம் லேசாக ஒரு சில்லிப்பு, மற்றபடி காய்ந்திருந்தது. தலையாட்டினார். வலதை அழுத்தினார். சொட்டியது. இடதை மறுபடி அழுத்தினார். என்னைப் பார்த்தார்.

“என்னம்மா இது? ஒரு கால் மலை ஏறி வந்துச்சா, ஒரு கால் ஏரில நீந்தி வந்துச்சா?”

நான் விஷயத்தைச் சொன்னேன். பீப்பாய், லாரி டியூப், தேன்மெழுகு, எறும்பு, பந்தயம் எல்லாவற்றையும். அவர் பாறைமேல் உட்கார்ந்து, தொடையைத் தட்டிச் சிரித்தார். கூட இருந்தவர்கள் மழையில் நனைந்தபடி சிரித்தார்கள். பிறகு அவர் குரலைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“இடது காலைக் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு ஒரு குறையும் இல்ல. வலது கால் கீழ் முகாம்ல உக்காந்து உருளைக்கிழங்கு உரிக்கட்டும்.”

சிரிப்பு அடங்கியதும் பக்கத்தில் வந்தார். “உங்க பேரை எழுதறேன். ஆனா அடுத்த ஞாயிறு கடைசி. ரெண்டு காலும் காஞ்சிருக்கணும். இல்லன்னா பேரை அடிச்சிருவேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் என் கணவர் வண்டியோடு காத்திருந்தார். நான் நொண்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தார். அவர் பார்வை முதலில் போனது என் முகத்துக்கு அல்ல; வலது காலுக்கு. ஆய்வகப் பழக்கத்தில் நான் இரண்டு சாக்ஸையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டு, இடது, வலது என்று பேனாவால் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். அவர் கையில் கொடுத்தேன். வண்டிமேல் சாய்ந்துகொண்டு, பையோடு சேர்த்து இடதை அழுத்திப் பார்த்தார். வலதை அழுத்தினார்.

“மழை மேலருந்து உள்ள போயிருக்கும்,” என்றார்.

“ரெண்டு காலுக்கும் ஒரே மழைதாங்க.”

பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. “கொப்பளமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்திவிடுகிற அளவுக்கு மெதுவாக்கினார். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்:

“அந்த ஹேர் டிரையர் எங்க வெச்சிருக்கே?”

வலது பூட்ஸை அவரே சுத்தம் செய்தார். நான் செய்ததைவிட நன்றாகவே செய்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தையலுக்குள்ளிருந்த மெழுகை மூங்கில் குச்சியைச் சீவிக் கிளறினார். இந்தத் தடவையும் பனியன் அவருடையதுதான், ஆனால் அவரே எடுத்து வந்தது. தாள் மாற்றுவதற்கு வேலையிலிருந்து போன் செய்து நினைவூட்டினார். துளித்துளியாக எண்ணெய் வெளியேறத் தோலுக்குக் கொஞ்சம் விறைப்பு திரும்பியது. முழுசாக இல்லை, ஆனால் கணுக்காலைப் பிடித்தது. வம்பு வந்தது கடைசி மெழுகில்தான். மெல்லிசாகத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார்.

“போதுமா?”

“போதும்.”

“தையல்ல?”

“அதுவும் போதும்.”

அவர் விரல் டப்பா பக்கம் போனது. நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போனது. நான் டப்பாவை எடுத்து மூடி, என் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

கடைசி ஞாயிறு அவரும் மலைக்கு வந்தார். தானாகவே வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான்கைந்து இடங்களில் நின்று இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். ஒவ்வொரு தடவையும் ஊரைப் பார்ப்பது போல பாவனை செய்தார். “நெடுஞ்சாலை நல்லாத் தெரியுது,” என்றார் ஓரிடத்தில். அங்கிருந்து நெடுஞ்சாலையே தெரியாது.

உச்சியில் ராணுவக்காரர் என் இடதை அழுத்தினார். வலதை அழுத்தினார். அழுத்திய கையை விரித்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நகர்ந்துகொண்டு, என் கணவரைக் கைகாட்டி அழைத்தார்.

“சார், நீங்களே பாத்திருங்க.”

என் கணவர் ஈரப் பாறையில் மண்டியிட்டார். அத்தனை பேர் முன்னிலையில் என் காலைக் கையில் எடுத்தார். விரல், மூட்டு, உள்வளைவு, குதிகால் என்று ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தார். தையல் வருகிற இடங்களில் இரண்டு தடவை.

“என்னா சார்? கூட்டிட்டுப் போகட்டுமா?”

  நான் கேட்டு அவர் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது.

“கூட்டிட்டுப் போங்க,” என்றார். “ஆனா சாயங்காலம் ஆனா பூட்ஸைக் கழட்டி உள்ள பேப்பர் திணிக்கச் சொல்லுங்க. இவ மறந்துருவா. இதுலெல்லாம் கொஞ்சம் அசால்ட்டு.”

பழைய பேனா மூடிகளைக்கூட நிறவாரியாக அடுக்கி வைக்கும் என்னைப் பார்த்து இப்படிச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் ராணுவக்காரர் காகிதத்தை எடுத்து, என் பெயருக்கு நேரே இருந்த புள்ளிகளை அடித்துவிட்டார். இறங்கும் வழியில், மலையேற்றத்துக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு வங்கி ஊழியரிடம் என் கணவர் பேசிக்கொண்டு வருவது எனக்குக் கேட்டது. “மெழுகு அதிகமாப் பூசிரக் கூடாதுங்க. தோல் மூச்சு விடணும். நெறைய பேர் அங்கதான் தப்புப் பண்றாங்க.” நான் முன்னால் போய்க்கொண்டே இருந்தேன்.

பனியில் நான் நின்ற நாளைப் பற்றி இங்கே எழுதவில்லை. நின்றேன். கால் காய்ந்திருந்தது. சாயங்காலங்களில் மறக்காமல் தாள் திணித்தேன். கீழே கிராமத்துக்கு வந்ததும்தான் போனில் சிக்னல் கிடைத்தது. மலையையும் வானத்தையும் ஏராளமாகப் படம் எடுத்திருந்தேன். கணவருக்கு அவற்றை அனுப்பப் போனவள், யோசித்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு என் சாக்ஸைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்ததால் படத்தில் இடது கால் மட்டும் விழுந்திருந்தது.

பதில் உடனே வந்தது. நலமா என்றில்லை, மலை எப்படி இருந்தது என்றில்லை.

“இது இடது. வலதைக் காட்டு.”

மடக்கிய காலை நீட்டினேன்.